அம்மா வீட்டு கேபிளை நிறுத்தலாமா, வேண்டாமா?

#1 தோப்புக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். சின்ன விஷயம்தான். ஆனாலும் மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு.

அம்மா கேரள எல்லைக்குள், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தோப்பு வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 71. எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. சனிக்கிழமை போய் ஞாயிறு ராத்திரி திரும்புகிற ஆள். அந்த வீட்டில் ஒரு கேபிள் கனெக்‌ஷன், அதே கேபிள்காரரிடம் வாங்கிய ஃபைபர் இன்டர்நெட் ஒன்று. வாசல் கேமராவுக்காக நெட் போட்டோம். போன தீபாவளிக்கு டப்பா டிவி போய் ஸ்மார்ட் டிவி வந்தது. "எல்லாம் நெட்டிலேயே வருதே, கேபிளுக்கு எதுக்குத் தனியா மாசம் 300 ரூபா?" என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

சிக்கல் ரிமோட்டில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தது மூன்று எண்கள்தான். காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலில் எழுதி, டிவிக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார்: சீரியல் சேனல், பாட்டுச் சேனல், சாமி சேனல். 2019இல் கட்டண முறை மாறி எண்களும் மாறியபோது, "என் சேனலை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்" என்று எனக்கு போன் வந்தது. ஸ்மார்ட் டிவியைத் திறந்தாலோ திரை முழுக்கப் படம் படமாக நிற்கிறது. ஒன்றை அமுக்கினால் இந்தியில் ஒருவன் கத்துகிறான். போன வாரம் அம்மா ரிமோட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இதே நிலையில் இருப்பவர்கள் என்ன செய்தீர்கள்? எல்லைப் பக்கத்து ஆட்கள் சொன்னால் நல்லது. தமிழ்நாட்டுக்குள் இருப்பவர்களுக்கு எங்கள் பேக்கேஜ் தலைவலி புரியாது.

#2 குமுளி_டீ | ஞாயிறு, இரவு 9:52

வெட்டாதீர்கள். காரணம் அப்புறம் எழுதுகிறேன், கடையில் கூட்டம்.

#3 சித்தூர்_பொண்ணு | ஞாயிறு, இரவு 10:15

வெட்டுங்கள் அண்ணா. எங்கள் ஹாஸ்டலில் ஒரு டிவி இருக்கிறது. அதன் மேல் துணி காயப்போடுகிறோம்.

#4 கேபிள்_அண்ணன் | திங்கள், காலை 6:20

தம்பி, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், கொல்லங்கோட்டுப் பக்கம். என் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இப்போது என் வருமானத்தில் பாதிக்கு மேல் இன்டர்நெட்டில்தான் வருகிறது. நீங்கள் கேபிளை நிறுத்தினாலும் என் ஒயர் உங்கள் வீட்டில் இருக்கும். அதனால் மனசில் உள்ளதைச் சொல்கிறேன்.

1996இல் டிஷ் வைத்தேன். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி, ஆகஸ்ட் 30 அன்று ஏசியாநெட். எங்கள் பக்கத்துக்கு அந்த ஒரே வருடத்தில் இரண்டு மொழிக்கும் கதவு திறந்தது. ஆனால் அனலாக் காலத்தில் ஒரு சேனலுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர் வேண்டும். கையில் காசு இருந்தால்தான் அடுத்த சேனல். ஒரு தெரு தமிழ், அடுத்த தெரு மலையாளம், நடுவில் நம் ஒயர் ஒன்று. எதைப் போடுவது, எதை விடுவது என்று கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நான்தான் முடிவு செய்தேன். பொங்கலன்று ஒரு கூட்டம் வந்து திட்டும், திருவோணத்தன்று இன்னொரு கூட்டம். ஒரு தடவை மலையாளப் படம் ஓடும்போது பாதியில் ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது. தமிழ்த் தெருக்காரன் வேண்டுமென்றே செய்தான் என்று பஞ்சாயத்தே கூடியது. ஆம்ப்ளிஃபயருக்குள் பல்லி செத்துக் கிடந்தது. எடுத்துக் காட்டிய பிறகுதான் கலைந்தார்கள்.

2017 மார்ச் 31 கெடு வைத்து எங்களைப் போன்ற கிராமப் பகுதிகளிலும் செட்டாப் பாக்ஸைக் கட்டாயம் ஆக்கினார்கள். அதுவரைக்கும் எல்லா வீட்டுக்கும் எல்லாம் போனது. மாமியார் தமிழ் பார்ப்பார், மருமகள் மத்தியானம் மலையாளம் பார்ப்பாள், மாசம் ஒரே தொகை. உண்மையில் எல்லாம் மாறியது 2019 பிப்ரவரி 1 அன்று. 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு. அந்த நூறில் தூர்தர்ஷன் சேனல்கள் அப்போது கட்டாயம் இருந்தன. அதற்கு மேல் கட்டணச் சேனலுக்கெல்லாம் தனித்தனி விலை. பெரிய பொழுதுபோக்குச் சேனல் 19 ரூபாய் என்று போட்டது. பேக்கேஜ் எல்லாம் மாநிலத்தை வைத்துப் போட்டவை. இங்கே மலையாளப் பேக்கேஜ் மலிவு, தமிழை மேலே சேர்க்க வேண்டும். இரண்டு மொழி வீட்டுக்கு இரண்டு மொழிக் காசு.

பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். டிக் போட்டுத் தாருங்கள் என்றேன். ஒரு வீட்டில் மாமியார் தமிழ்ச் சேனல்களாகப் பார்த்து டிக் போட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பித் தந்தார். மருமகள் நெம்மாறையிலிருந்து வந்த பெண், பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனபோது, அம்மிக்கல் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து மலையாள சீரியல் பார்த்துக்கொண்டே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இனி இந்தப் பெட்டி நிற்காது என்று.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் இரண்டையும் வைத்திருங்கள். அதற்குள் அம்மாவே சொல்லிவிடுவார்.

#5 லயம்_நாலு | திங்கள், பிற்பகல் 1:05

கேபிள் அண்ணன் சொன்ன மருமகளைப் படித்துவிட்டு டீ ஆறிப்போனது.

மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் மேட்டுக்குக் கேபிள் வந்ததே இல்லை. முதலில் ஒரு வரிசைக்கு ஒரு டிவி. அப்புறம் கூரைக்கு ஒரு டிடிஎச் குடை. ஜூனில் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை அந்தக் குடை பாதி நாள் சும்மாதான் நிற்கும். அது வாங்கும் அலைவரிசையைக் கனமழை தடுத்துவிடும். கதாநாயகிக்குத் தாலி ஏறும் நேரம் பார்த்துத் திரை நீலமாகிவிடும். மூன்று நாள் கழித்து மழை விட்டால் பிள்ளை பிறந்திருக்கும்.

எங்களுக்கு இன்டர்நெட் பொழுதுபோக்குக்காக வரவில்லை. 2020 ஜூன் 1 அன்று கேரளாவில் பள்ளிக்கூடம் டிவியில் தொடங்கியது, கைட் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்'. மலையாள மீடியம் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தமிழ் மீடியம் வகுப்புகள் யூடியூபில் வந்தன. என் தங்கை மகள் அப்போது ஏழாவது. தமிழில் படித்த ஒரே குற்றத்துக்காக அவளுக்கு டிவி போதவில்லை, போன் தேவைப்பட்டது. லயத்தில் சிக்னல் கிடையாது. தேயிலைக்காட்டு மேட்டில் ஒரு பாறை உண்டு, அங்கேதான் இரண்டு புள்ளி காட்டும். காலையில் நாலைந்து பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு அங்கே போவார்கள். அட்டைக்கடிக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு. வீடியோவை இறக்கிக்கொண்டு கீழே வந்து, நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

அப்படி வீட்டுக்குள் வந்த போன் திரும்பிப் போகவில்லை. இப்போது டவர் வந்துவிட்டது. டிடிஎச் ரீசார்ஜ் செய்து ஒரு வருடம் ஆகிறது. குடையில் அம்மா சோளம் காயவைக்கிறார்.

#6 குமுளி_டீ | திங்கள், இரவு 10:30

சொன்னபடி வந்துவிட்டேன்.

என் கடை எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். பாதிப் பேர் கம்பத்து ஆட்கள், பாதிப் பேர் இந்தப் பக்கம். சின்ன வயதில் மூங்கிலில் ஆன்டெனா கட்டிக் கொடைக்கானல் கோபுரத்துப் பக்கம் திருப்பி வைப்போம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்தில் காற்றடித்தால் ஒருவன் மேலே, ஒருவன் ஜன்னலில், ஒருவன் டிவி முன்னால். "தெரியுதா?" "இன்னும் கொஞ்சம்!" "இப்ப?" அந்த மூன்று பேரில் மேலே நின்றவன் எப்போதும் நான். பாட்டைக் கேட்டிருக்கிறேன், பார்த்தது குறைவு.

கேபிளை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், கிரிக்கெட். போனில் வரும் மேட்ச் கேபிளைவிட அரை நிமிடம் பின்தங்கி வரும், சில நாள் அதற்கும் மேலே. போன ஐபிஎல்லில் கடைக்கு எதிரே பெஞ்சில் நாலு பையன்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் என் டிவியில் கேபிள். உள்ளே "ஆஆ" என்று சத்தம் வரும், வெளியே அவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு பந்து விழுவதற்காகக் காத்திருப்பார்கள். விக்கெட் என்று தெரிந்தே விக்கெட்டைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை! இரண்டாவது நாள் நாலு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். அன்றைக்கு டீ எக்ஸ்ட்ரா இருபது.

உங்கள் அம்மாவுக்குக் கிரிக்கெட் வேண்டாம் என்றால் என் காரணம் பொருந்தாது. ஆனாலும் வெட்டாதீர்கள்.

#7 தறிச்சத்தம் | செவ்வாய், காலை 11:20

நான் நகரி. மேலே 'சித்தூர்' என்று பார்த்ததும் எங்கள் சித்தூர் மாவட்டம் என்று ஓடி வந்தேன். இது பாலக்காட்டுச் சித்தூராம். சரி, வந்ததற்கு எழுதிவிட்டுப் போகிறேன்.

எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், படிப்பு தெலுங்கு. எனக்கே தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும். இதைக்கூட வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன், அப்புறம் மகள் திருத்தித் தருகிறாள். டிவிக்கு எழுத்து தேவையில்லை, காது போதும். அதனால்தான் இத்தனை வருடம் எங்கள் வீட்டில் தமிழ் உயிரோடு இருந்தது என்று நினைக்கிறேன். நெட் வந்ததும் பயந்தேன். தேடுவதற்கு எழுத்து வேண்டுமே? 2017 ஆகஸ்டில் கூகுளில் தமிழுக்கும் குரல்வழித் தட்டச்சு வந்தது, தெலுங்குக்கும் சேர்த்து. மைக் படத்தை அமுக்கி "பழைய பாட்டு" என்றால் வருகிறது. எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. இப்போது வீட்டிலேயே அதிகம் தேடுவது அவர்தான்.

ஆந்திராவில் அரசே ஃபைபர் இழுத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2017 டிசம்பர் 27 அன்று ஜனாதிபதி வந்து தொடங்கிவைத்தார். ஆரம்ப விலை மாசம் 149 ரூபாய், அதில் டிவி, நெட், போன் மூன்றும். ஒரே ஒயரில் மூன்றும் வரும்போது எது டிவி, எது நெட் என்று எங்கள் தெருவில் யாரும் பிரித்துப் பேசவில்லை. "பெட்டி வேலை செய்யுதா?" என்றுதான் கேட்பார்கள்.

இன்னொன்று. நாங்கள் விசைத்தறி வைத்திருக்கிறோம். தறி ஓடினால் டிவி கேட்காது. பகலெல்லாம் டிவி சும்மா கிடக்கும். இப்போது ஆளுக்கொரு இயர்போன். ஆறு தறி ஓடும், ஆறு காதில் ஆறு வேறு கதை ஓடும். முன்பு தறி நின்றால், அதாவது கரண்ட் போனால், எல்லோரும் பேசிக்கொள்வோம். இப்போது கரண்ட் போனாலும் போன் நிற்பதில்லை.

#8 பழைய_பொதிகை | செவ்வாய், மதியம் 12:40

தறிச்சத்தம் அய்யா கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் தெருவே கூடும். ஞாயிற்றுக்கிழமை காலை 1987இல் ராமாயணம் ஓடியபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் செருப்பு வைக்க இடம் இருக்காது. குடும்பம் என்றால் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த போன் வந்து வீட்டையே நாலாகப் பிரித்துவிட்டது. இன்றைக்கும் நான் பொதிகை மட்டும்தான் பார்க்கிறேன்.

#9 லயம்_நாலு | செவ்வாய், மதியம் 12:58

அய்யா, 2024 ஜனவரியிலிருந்து அது டிடி தமிழ். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் 🙂

#10 சித்தூர்_பொண்ணு | செவ்வாய், இரவு 8:45

பழைய பொதிகை சார், கோபிக்காதீர்கள். ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம் என்கிறீர்களே, யார் உட்கார்ந்தது?

எங்கள் வீட்டில் தாத்தா சாய்வு நாற்காலியில். அப்பா கட்டிலில். நானும் தம்பியும் தரையில். ரிமோட் தாத்தா கையில், அவர் தூங்கினாலும் அவர் கையில். அம்மா எங்கே? அடுப்படியில். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நிலைப்படி. சீரியலின் முக்கியமான இடத்தில் கரண்டியோடு வந்து அந்த நிலையில் சாய்ந்து நிற்பார். இரண்டு நிமிடம். குக்கர் கத்தும், போய்விடுவார். என் அம்மா பத்து வருடம் டிவியைக் காதால் கேட்டவர். ஒரு நடிகையின் முகம் தெரியாமல் குரலை மட்டும் வைத்து "இவ கெட்டவ" என்று சொல்வார், சரியாக இருக்கும்.

அம்மா முதல் தடவையாக ஒரு முழுப் படம் உட்கார்ந்து பார்த்தது போனில்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு, பாயில் படுத்துக்கொண்டு. நடுவில் நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மீதியைப் பார்த்தார். படம் அவருக்காகக் காத்திருந்தது. அதனால் கேபிள் அண்ணன் சொன்ன அந்த நெம்மாறை அக்கா விஷயத்தில் எனக்கு வருத்தமே இல்லை. போன் வீட்டைப் பிரித்தது என்றால், சிலரை அடுப்படியிலிருந்து பிரித்தது என்றும் எழுதுங்கள்.

மற்றபடி நாலு பேர் நாலு போன் என்பது உண்மைதான். நேற்று ஒரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு தம்பி எனக்கு ஒரு ரீல்ஸ் அனுப்பினான். பக்கத்தில்தான் இருந்தான். காட்டியிருக்கலாம்.

#11 பழைய_பொதிகை | செவ்வாய், இரவு 9:30

மகளே, கோபம் இல்லை. நான் எழுதியதும் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ராமாயணத்தன்னிக்கு அத்தனை பேருக்கும் காபி போட்டது யாரு?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

#12 கணக்குப்பிள்ளை | புதன், காலை 9:10

விளம்பரத் துறையில் இருப்பதால் காசுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். வீடு வாளையார்.

டிவி போய்விட்டது என்று சொல்வது அவசரம். ஆனால் காற்று எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2022 ஜூனில் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ஏலம் போனது, 2023 முதல் 2027 வரை. இந்தியாவுக்கான டிவி உரிமை 23,575 கோடி ரூபாய். டிஜிட்டல் உரிமை 23,758 கோடி. முதல் தடவையாக போன் டிவியை முந்தியது, அதுவும் நூலிழையில். அடுத்த வருடமே மேட்ச் எல்லாம் போனில் இலவசமாக ஓடியது. குமுளி அண்ணன் கடை பெஞ்சில் உட்கார்ந்த நாலு பையன்களை நினைத்துத்தான் அந்தக் காசு கட்டினார்கள்.

எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிவி பார்ப்பவர்களை அளப்பது பார்க் அமைப்பு. தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து அளப்பார்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு சந்தை, கேரளா தனிச் சந்தை. தோப்புக்காரன் அம்மா முப்பது வருடம் தமிழ் சீரியல் பார்த்திருந்தாலும் தமிழ் விளம்பரக்காரனின் கணக்கில் அவர் வரமாட்டார். இருந்தும் கோயம்புத்தூர்ப் பட்டுக்கடை விளம்பரத்தை முழுசாகப் பார்த்திருப்பார். நெட்டில் கதை தலைகீழ். யூடியூபில் தமிழ்ப் பாட்டுப் போட்டால் நடுவில் மலையாளத்தில் நகைக்கடன் விளம்பரம் வரும். ஆள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியும். என் போன் வாளையார் பாலத்தைத் தாண்டியதும் மொழி மாறும், நானே பார்த்திருக்கிறேன்.

#13 கேபிள்_அண்ணன் | புதன், காலை 10:00

கணக்குப்பிள்ளை தம்பி சொன்ன விளம்பரம் எங்களிடமும் உண்டு, ஊர்ச் சேனலில். கீழே ஓடும் வரியில் "கன்று ஈன்ற மாடு விற்பனைக்கு" என்று போடுவோம். அதற்கு இன்றைக்கும் மவுசு இருக்கிறது.

ஊர்ச் சேனலையே இப்போது யூடியூபிலும் விடுகிறோம். கல்பாத்தித் தேர், அப்புறம் மாசியில் சித்தூர் பகவதி கோயில் கொங்கன் படை. கொங்குப் படை தோற்றுப்போன கதையைக் கொண்டாடும் திருவிழா அது. கொங்குத் தமிழ் பேசுகிற நாங்களும் பொரி வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்போம், அது வேறு விஷயம். கேபிளில் மட்டும் ஓடியபோது எங்கள் ஒயர் போகிற தூரம்தான் பார்த்தார்கள். போன வருடம் துபாயிலிருந்து ஒருவர் ராத்திரி போன் போட்டு, "அண்ணா, கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொல்லுங்கள், என் தம்பி நிற்கிறான்" என்றார். திருப்பினோம்.

இன்னொரு நல்லது சொல்ல வேண்டும். ஐப்பசியில் துலாவர்ஷ இடி இறங்கினால் பழைய செம்பு ஒயர் வழியாகப் போய் டிவியைச் சுட்டுவிடும். மறுநாள் காலை ஒன்பது பேர் என் வாசலில் நிற்பார்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. இப்போது அந்தச் சண்டை இல்லை. அதற்குப் பதில் அணில் கடிக்கிறது.

#14 தோப்புக்காரன் | ஞாயிறு, இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. தறிச்சத்தம் அய்யா சொன்ன மைக் விஷயத்தை நேற்று அம்மாவிடம் முயற்சி செய்தேன்.

ரிமோட்டில் மைக் பொத்தான் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன். "இதை அமுக்கிட்டு என்ன வேணும்னு சொல்லுங்கம்மா" என்றேன். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, டிவியைப் பார்த்து, "ஏனுங்க, வள்ளி கும்மி இருந்தா கொஞ்சம் போடுங்க" என்றார். யாரோ விருந்தாளியிடம் கேட்பது மாதிரி. வந்தது! காங்கேயம் பக்கம் ஏதோ ஒரு கோயில் மைதானம், நூறு இருநூறு பெண்கள் ஒரே நிறப் புடவையில் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். அம்மா கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்ததிலிருந்து அதைப் பார்த்ததில்லை. மூன்று எண்ணில் எந்த எண்ணிலும் அது வராது. ஒன்றே முக்கால் மணி நேரம் அசையாமல் பார்த்தார். நடுவில் ஒரு பாட்டியைக் காட்டி, "இவ அடவு தப்பு" என்றார். அம்மாவுக்கு ஆடத் தெரியும் என்பதே எனக்கு நேற்றுதான் தெரியும்.

அப்போ கேபிளை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு சேச்சி வந்துவிட்டார். மலையாளி, தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் பதினைந்து வருடமாக அம்மாவோடு உட்கார்ந்து தமிழ் சீரியல் பார்க்கிறார். புரியாத இடத்தில் அம்மா சொல்வார். அது கேபிளில்தான், எட்டு மணிக்குத்தான். ஒரு மணி நேரம் தள்ளிப் பார்க்கலாமே என்றேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

#15 குமுளி_டீ | ஞாயிறு, இரவு 10:31

நான்தான் சொன்னேனே.

#16 சித்தூர்_பொண்ணு | ஞாயிறு, இரவு 10:50

அந்த சீரியல் எந்த ஆப்பில் வருகிறது என்று பாருங்கள் அண்ணா. சில ஆப்களில் சந்தா கட்டினால் ராத்திரி டிவியில் வரும் எபிசோடு அன்று காலையிலேயே வந்துவிடும். அம்மாவுக்குக் காட்டுங்கள்.

#17 தோப்புக்காரன் | ஐந்து வாரம் கழித்து, சனிக்கிழமை, இரவு 9:15

இழையைத் தூசி தட்டுகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

சித்தூர் தங்கை சொன்னபடி சந்தா கட்டி, ஆப்பைத் திறந்து, எங்கே அமுக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். காலை ஆறரைக்குக் காபியோடு அம்மா அன்றைய எபிசோடைப் பார்த்துவிடுகிறார். ராத்திரி எட்டு மணிக்கு சேச்சி வந்ததும் கேபிளில் அதையே மறுபடியும் பார்க்கிறார், முதல் தடவை பார்ப்பது போல. சேச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாவம், அவளுக்குச் சுவாரஸ்யம் போயிரும்ல" என்றார் என்னிடம்.

பதினெட்டு நாள் தாக்குப்பிடித்தது. பத்தொன்பதாம் நாள் மாட்டிக்கொண்டார். மாமியார் கையை ஓங்குவதற்கு முன்பே அம்மா "ஐயோ" என்று சொல்லிவிட்டாராம். சேச்சி டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாராம். "நிங்களு இது நேரத்தே கண்டு, அல்லே?" இதை முன்னாடியே பார்த்துட்டீங்க, இல்லையா என்று.

இரண்டு நாள் சேச்சி வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறு இருபதுக்கு வாசலில் நின்றார், கையில் புட்டுப் பாத்திரம். அன்றிலிருந்து இருவரும் காலைக் காட்சி. எட்டு மணிக்கு இப்போது வள்ளி கும்மி. சேச்சிக்கு அம்மா அடவு சொல்லித் தருகிறாராம். தோட்டத்தில் வேலை செய்கிறவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கேபிள் பெட்டி ஒரு வாரமாக அணைந்து கிடக்கிறது. இன்று பார்த்தேன், அதன் மேல் ஒரு சின்னத் துளசித் தொட்டி. காலண்டர் அட்டை மட்டும் ஆணியிலேயே தொங்குகிறது. எடுக்கட்டுமா என்றேன். இருக்கட்டும் என்றார்.

#18 கேபிள்_அண்ணன் | சனிக்கிழமை, இரவு 9:40

தம்பி, கனெக்‌ஷனை நிறுத்துவதானால் நிறுத்துங்கள். ஆனால் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் முன்னால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியை உங்கள் கேபிள்காரருக்குத் திருப்பித் தர வேண்டும்.